வேற ஊடு, ஒரே காம்பவுண்டு

அவரைக் கிழவன் என்று சொல்லலாம், முன்கோபி என்று சொல்லலாம், வெயிலில் வைத்த பூசணிக்காய் என்றுகூடச் சொல்லலாம். நாங்கள் எல்லாமே சொல்லியிருக்கிறோம். சிரித்துக்கொண்டே போய்விடுவார். இங்கிலீஷ்காரர் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் போச்சு. கையிலிருக்கிற ஸ்பேனரைக் கீழே வைப்பார், தொப்பியைக் கழற்றுவார், சொன்னவன் மூக்குக்கு நேரே வந்து நிற்பார்.

"இங்கிலீஷ் இல்ல. ஸ்காட்லாந்து. சொல்லு."

சொன்னவன் சொல்லுகிற வரைக்கும் நகர மாட்டார். பின்னால் உலை கொதித்துக்கொண்டிருந்தாலும் சரி.

செவ்வாப்பேட்டைக்கும் திருவள்ளூருக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி அந்த ஆலை இருந்தது. இரும்பை உருக்கி, மணல் அச்சில் ஊற்றி, மிஷின் பாகங்கள் செய்வார்கள். முதலாளிகள் லண்டனில். உலையைப் பார்த்துக்கொள்ள அவர்கள் அனுப்பிய ஆள்தான் இவர். நான் கேன்டீனில் மாவாட்டினேன், இட்லி ஊற்றினேன், எல்லார் வாயையும் கிளறினேன். கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் அதில்தான் எனக்குக் கை தேர்ச்சி.

அவருக்குப் பேர் இருந்தது. எங்கள் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. தொரை என்றோம். அவரும் என்னை யக்கா என்றார். என் அப்பா வயசிருக்கும் அவருக்கு. ஆலையில் எல்லாரும் என்னை யக்கா என்று கூப்பிட்டதால் அதுதான் என் பேர் என்று நினைத்துவிட்டார். நான் திருத்தவில்லை. திருத்துகிற வேலையெல்லாம் அவருடையது.

தமிழை அவர் கற்றுக்கொண்டது அச்சுப் போடுகிற ஆட்களிடம். "இன்னா யக்கா, நாஷ்டா ரெடியா? ஒரே பேஜாரா கீது" என்றுதான் காலையில் உள்ளே வருவார். திருவள்ளூர் கோயில் தெருவிலிருந்து பளிச்சென்று நாமம் போட்டுக்கொண்டு வரும் மேனேஜர் ஐயா காதைப் பொத்திக்கொள்வார். வெள்ளைக்காரன் வாயில் வருகிற தமிழா இது என்று அவருக்கு வருத்தம்.

அச்சுப் பட்டறைக்கு மேஸ்திரி ஒருத்தர் இருந்தார். திருத்தணிப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் என்பதால் அவரை எல்லாரும் நைனா என்போம். தொரை வந்த முதல் நாள், விவரம் தெரியாமல், "வாங்க இங்கிலீஷ் தொரை" என்று மாலை போட்டவர் அவர்தான். போட்ட மாலையோடு தொரை அவரைச் சுவர் ஓரமாக நிறுத்தி, ஸ்காட்லாந்து ஸ்காட்லாந்து என்று சொல்லவைத்தார். நைனாவுக்கு அந்த வார்த்தை நாக்கில் சரியாக உட்கார மதியச் சங்கு ஊதிவிட்டது. அன்றிலிருந்து புதிதாக யார் வேலைக்கு வந்தாலும், கையுறை கொடுப்பதற்கு முன்னால் நைனா இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்.

"உலை சுட்டா தோலுதான் போவும்பா. தொரைய இங்கிலீஷ்னு சொன்னே, அன்னிக்குப் பொழுதே போயிடும்."

ஒருமுறை தொரைக்குக் காய்ச்சல். நான் கஞ்சியும் மிளகு ரசமும் தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்பினேன். காய்ச்சல் விட்டதும் சட்டியைத் திருப்பித் தரக் கிளம்பினாராம். வழியில் நைனா மறித்துவிட்டார்.

"வெறும் சட்டியக் குடுக்கக் கூடாது தொரை. எங்க பக்கத்துல அது பழக்கமில்ல. கொஞ்சம் சக்கரையாவது போட்டுத்தான் குடுக்கணும்."

அவர் குடியிருப்பில் சர்க்கரை இல்லை போலிருக்கிறது. செவ்வாப்பேட்டையில் நான் இருந்த காம்பவுண்டு வீட்டுக்குத் தேடிக்கொண்டு வந்தார். சட்டியைத் திறந்தால் நிறைய நட்டு, போல்ட்டு. பளபளவென்று எண்ணெய் துடைத்து.

"யக்கா, காலி இல்ல," என்றார் பெருமையாக.

எங்கள் காம்பவுண்டில் நாலு குடித்தனம். நாலு அடுப்பு, நாலு சண்டை. கிணறு ஒன்று, வெளி கேட்டு ஒன்று. முன் போர்ஷனில் வீட்டுக்கார அம்மா. தொரை சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டு கத்தினார்.

"இதான்! இதான் எங்க நாடு!"

எங்களுக்குப் புரியவில்லை. என் போர்ஷனைக் காட்டினார். "இது ஸ்காட்லாந்து." முன் போர்ஷனைக் காட்டினார். "அது இங்கிலாந்து. வேற ஊடு, ஒரே காம்பவுண்டு. சண்ட போடுவோம். பிரிய மாட்டோம்."

"அப்போ உங்க ராணி எங்க கீறாங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிணற்றைக் காட்டினார். "அது. எல்லாருக்கும் பொது."

வீட்டுக்கார அம்மாவுக்குத் தான் இங்கிலாந்து என்று தெரிந்ததில் ஏகப்பட்ட சந்தோஷம். அந்த வாரமெல்லாம் கிணற்றடியில் எங்களை ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டு திரிந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கவிடவில்லை.

"எல்லாம் சரி தொரை. கேட்டு சாவி யாராண்ட கீது?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எங்களுக்குச் சொந்தக் கோர்ட்டு இருக்கு. சொந்தச் சர்ச்சு இருக்கு. சொந்தப் பள்ளிக்கூடம் இருக்கு."

"எனக்கும் சொந்தமா அடுப்பு கீது, ஆட்டுக்கல்லு கீது. சினிமா பார்த்துட்டு லேட்டா வந்தா அந்தம்மாவத்தானே எழுப்ப வேண்டி கீது?"

"சாவி லண்டன்ல," என்றார் மெதுவாக. பிறகு சட்டியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

மெட்ராஸ் ஸ்டேட்டுக்குத் தமிழ்நாடு என்று பேர் மாறியபோது அவருக்குத்தான் முதலில் பதற்றம். வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார். "நீங்க பிரிஞ்சிட்டீங்களா?"

"யாரு சொன்னா?" என்றார் நைனா. "ஊட்டுக்குப் பேருதான் தொரை மாத்திக்கீறோம். காம்பவுண்டு அதே காம்பவுண்டுதான்."

தொரைக்கு மூச்சு வந்தது. அன்று ரெண்டு வடை அதிகம் தின்றார்.

இங்கிலீஷ்காரர் என்றால் வருகிற கோபம் ஒன்று. அதைவிடப் பெரிய கோபம் ஒன்று அவருக்குள் இருந்தது எங்களுக்கு வெகுநாள் தெரியாது. அதைக் கண்டுபிடித்ததும் நைனாதான், பாவம், எல்லாவற்றிலும் முதலில் கால் வைக்கிறவர் அவர்தானே. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சும்மா கேட்டார்.

"இங்கிலீஷ்காரன்னு சொன்னா உங்களுக்கு இவ்ளோ கோவம் வருதே, பேசாம அவுங்கள உட்டுட்டுத் தனியாப் போயிட வேண்டிதானே தொரை?"

தட்டு பறந்தது. சாம்பார் என் புடவையில். அவர் முகம் உலை வாயைப்போல் ஆகியிருந்தது.

"நீயும் என் அண்ணன் மாதிரி பேசுறியா?"

அப்போதுதான் அவருக்கு ஓர் அண்ணன் இருப்பதே தெரிந்தது. கோபம் இறங்கின பிறகு, புடவைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, உட்கார்ந்து சொன்னார். அவர்கள் ஊர்க் கடலில் எண்ணெய் கிடைத்திருக்கிறதாம். இனி நமக்கு லண்டன் எதற்கு, தனியாகவே போகலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறதாம். அண்ணன் அந்தக் கூட்டத்தில். லீவில் போனபோது ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை, கைச்சண்டை. அப்பா விட்டுப்போன வீட்டில் அண்ணன் இருக்கிறார். இவர் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

"யுத்தத்துல ஒரே கப்பல்ல இருந்தோம். நான், அண்ணன், இங்கிலீஷ் பசங்க. என் பக்கத்துல செத்தவன் இங்கிலீஷ்காரன். அவனாண்ட போய் நீ வேற ஊடுன்னு எப்படிச் சொல்றது?"

நான் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தேன். பிழிந்து முடித்ததும் வாயில் வந்துவிட்டது.

"நாடு பிரியக் கூடாதுன்னு கூடப்பொறந்தவரப் பிரிஞ்சிட்டு வந்துட்டீங்களே தொரை."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நைனா சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். இன்றைக்கு நிச்சயம் எனக்கு வேலை போய்விடும் என்று நினைத்தேன். மறுநாள் காலை வந்து, "இன்னா யக்கா, நாஷ்டா" என்றார். குரலில் மட்டும் பாதி சத்தம் இல்லை.

வருஷத்தில் ஒருநாள் அவர் முழு ஸ்காட்லாந்து ஆகிவிடுவார். அது ஆயுத பூஜை. மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைக்கிற நாள். அன்று அவர்கள் ஊர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருவார். கட்டம் போட்ட பாவாடை, முழங்கால் வரைக்கும் கம்பளிச் சாக்ஸ், நெற்றியில் நைனா வைத்த குங்குமம். உலைக்கு முன்னால் விறைப்பாக நிற்பார். அந்தப் பாவாடைக்குள் என்ன இருக்கிறது என்று கேன்டீன் பெண்கள் வருஷா வருஷம் செய்த ஆராய்ச்சியை இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் அந்த உடுப்பில் அவர் அழகாக இருந்தார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு லண்டனிலிருந்து பெரிய தொரை வருவதாகச் செய்தி வந்தது. அசல் இங்கிலீஷ்காரர். புதிதாக ஓர் உலை கட்டிக்கொண்டிருந்தோம். அதற்கு முதல் நெருப்பு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நம் தொரைக்கு ஆசை. ஆனால் அவருடைய வேலைக் காலம் முடிகிறது. நீட்டிப்பதா, ஊருக்கு அனுப்புவதா என்று பெரிய தொரைதான் சொல்ல வேண்டும்.

"போகச் சொன்னா எங்க போவீங்க?" என்று கேட்டேன்.

"தெரியாது யக்கா. வீடு அண்ணனாண்ட கீது."

பூஜை அன்று காலையில் தொரை வந்தார். பேன்ட்டு, கோட்டு, டை. எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

"இன்னா தொரை, பாவாடைய எங்க காணோம்?"

"மழை வரும்."

"போன வருசம் கொட்டுற மழையில கட்டிக்கினு நின்னீங்களே!"

டையைச் சரிசெய்துகொண்டே போய்விட்டார்.

பெரிய தொரை வந்தார். மேனேஜர் ஐயா பொன்னாடை போர்த்தினார். பூசணிக்காய் உடைந்தது. அப்புறம் பெரிய தொரை பேச, மேனேஜர் ஐயா தமிழில் சொன்னார். நம்மவர் தோளில் கை போட்டுக்கொண்டு பெரிய தொரை சொன்னதை ஐயா இப்படித் திருப்பினார்: "இந்த ஆலை இங்கிலீஷ்காரர்களின் திறமைக்கு ஓர் அடையாளம். இதோ நிற்கிறாரே நம் இங்கிலீஷ் நண்பர், இவரைப் போன்ற இங்கிலீஷ் என்ஜினியர்கள் உலகெங்கும் சென்று..."

மேனேஜர் ஐயா பாதியில் குரலை விழுங்கிவிட்டார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

பட்டறை முழுக்க அப்படியே நின்றது. எல்லாருடைய கண்ணும் தொரை மேல். அவர் ஸ்பேனரைக் கீழே வைப்பார், தொப்பியைக் கழற்றுவார், பெரிய தொரையின் மூக்குக்கு நேரே போய் நிற்பார் என்று காத்திருந்தோம். நான் கரண்டியோடு வாசலில் நின்றேன். இத்தனை வருஷம் எங்களைப் பாடாய்ப் படுத்தினாரே, இன்றைக்குப் பெரிய மீனே மாட்டியிருக்கிறது, பார்க்க வேண்டாமா?

தொரை தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்தமாதிரிகூட இருந்தது.

"நோ சார்."

குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. நைனா. மடித்துக் கட்டின வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். மேனேஜர் ஐயா "உட்காரும், உட்காரும்" என்று கையை ஆட்டினார். நைனா கேட்கவில்லை.

"நோ இங்கிலீஷ் சார். ஸ்காட்லாந்து. வேற ஹவுஸ், ஒன் காம்பவுண்டு."

பெரிய தொரைக்கு இது வேடிக்கையாகத் தோன்றியிருக்க வேண்டும். கைதட்டினார். பிறகு நம் தொரையைப் பார்த்துக் கண்ணடித்து ஏதோ சொன்னார். எல்லாம் ஒன்றுதானே என்றாராம். மேனேஜர் ஐயா பிறகு சொன்னது.

அதற்கு நம் தொரை சொன்னது மட்டும் எங்களுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

"யெஸ் சார்."

அன்று பொரி கடலை யாருக்கும் இறங்கவில்லை. சாயங்காலம் தொரை கேன்டீனுக்கு வந்தார். நைனா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏன் சொன்னே?"

"நீங்க சொல்லலியே."

"அவன் பெரிய ஆளு. என் வேலை அவன் கையில கீது."

"நான் மட்டும் சின்ன ஆளா? முதல் நாளு மாலை போட்டவனையே செவுத்தோரமா நிக்க வெச்சீங்களே!" நைனா டம்ளரை வைத்தார். "எங்க ஊர ஆந்திராவுல வெச்சிருந்தாங்க, அப்பால மெட்ராசுக்கு மாத்தினாங்க. எந்த ஆபீசரு வந்து கேட்டாலும் நான் ரெண்டையும் சேத்துத்தான் சொல்லுவேன். ஊட்ல தெலுங்கு, நாடு தமிழ்நாடு. ஆளப் பாத்து ஒண்ண முழுங்க மாட்டேன் தொரை."

நான் என் பங்குக்கு ஒன்றே ஒன்று சொன்னேன். "ஊட்டுக்காரம்மாவப் பாத்தா எங்களுக்கும் வாய் ஒட்டிக்கும் தொரை. ஆனா நாங்க காலையில கிணத்தடியில சூரப்புலி மாதிரி பேச மாட்டோம்."

தொரை திரும்பி வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய தொரையின் கார் கேட்டுக்கு வந்தது. கேட்டு நடுவில் ஓர் ஆள். கட்டம் போட்ட பாவாடை, கம்பளிச் சாக்ஸ். நெற்றியில் குங்குமம், தானே வைத்துக்கொண்டது, புருவத்தில் பாதி. கார் நின்றது. ஸ்பேனர் கையில் இல்லை, ஆனாலும் குனிந்து எதையோ கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். கார் ஜன்னலில் குனிந்து பேசினார். பெரிய தொரை கையை நீட்டிக் குலுக்கினார். கார் போய்விட்டது.

"இன்னா தொரை, சொன்னீங்களா?" நைனா ஓடினார்.

"சொன்னேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

தொரை தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "'தெரியுமே'ன்னான்."

தெரியாமல் சொன்னால் கோபப்படலாம். தெரிந்தே சொல்லுகிறவனை என்ன செய்வது?

மறுநாள் மேனேஜர் ஐயா விஷயத்தைச் சொன்னார். நீட்டிப்பு இல்லை. புது உலைக்கு வேறு ஆளை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. பெரிய தொரை லண்டனில் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே முடிவான சங்கதியாம். அந்த "யெஸ் சார்" வீணாகப் போயிற்று. கேட்டில் பாவாடை கட்டிக்கொண்டு நின்றதாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதில் தொரைக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அவர் கிளம்புகிற அன்று நைனா வீட்டில் போட்ட ஆவக்காயை என் பீங்கான் ஜாடியில் அடைத்து, வாய்க்குத் துணி கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருவள்ளூர் ஸ்டேஷனில் சென்ட்ரல் போகிற எலக்ட்ரிக் ரயில் நின்றுகொண்டிருந்தது.

"யக்கா, இதப் பாதி பாதியா பிரிச்சுக் குடு. அண்ணனுக்குத் தனியா அனுப்பிடறேன்."

"பிரிச்சுக் குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"ஒண்ணா இருக்கணும்னுதானே தட்டப் பறக்கவுட்டீங்க? ஒரே ஜாடிதான். அவரும் நீங்களும் அதுலயே கைய உட்டுத் தின்னுங்க. முடியலன்னா கீழ கொட்டிடுங்க."

ஜாடியை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். "காலியா திருப்பித் தர மாட்டேன்," என்றார். ரயில் நகர்ந்தது. நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆவக்காய்க் காரம் என்றார். ஜாடி மூடியிருந்தது.

உலை கட்டி முடிக்க இழுத்துக்கொண்டே போயிற்று. முடிகிற சமயத்தில்தான் புது ஆள் வந்தார். வாசல் காவலாளி புதுசு, அவனுக்கு நைனா பாடம் எடுத்திருக்கவில்லை. "இங்கிலீஷ்கார தொரை வந்துக்கீறாரு!" என்று கத்தினான். வந்தவர் முகம் குப்பென்று சிவந்தது.

"நாட் இங்கிலீஷ். வேல்ஸ்."

நைனா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "யக்கா, அந்தக் காம்பவுண்டுல இன்னும் எத்தினி ஊடுதான் கீது?"

வேல்ஸ்காரர் பெட்டியைத் திறந்து என் பீங்கான் ஜாடியை எடுத்து நீட்டினார். வரும் வழியில் நம் தொரையைப் பார்த்துவிட்டு வந்தாராம். எங்கே இருக்கிறார் என்று மேனேஜர் ஐயாவைக் கேட்கச் சொன்னேன். அண்ணன் வீட்டில்தானாம். ரெண்டு கிழவர்களும் காலை எழுந்ததும் சண்டையை ஆரம்பிக்கிறார்களாம், பிரியணும் பிரியக் கூடாது என்று. சாப்பாட்டு வேளைக்கு மட்டும் நிறுத்துவார்களாம். ஜாடியில் ஊறுகாய் தீர்ந்த அன்று, நீதான் நிறைய தின்றாய் என்று தனியாக ஒரு சண்டையாம்.

ஜாடியைத் திறந்தேன். உள்ளே ரெண்டு பொட்டலம். ஒன்று அவருடைய கட்டம்போட்ட துணிக் கிழிசலில் கட்டியது. இன்னொன்று பழுப்புத் தாளில், சணல் நூலில், வேறு கை கட்டிய முடிச்சு. ரெண்டுக்குள்ளும் பாலும் சர்க்கரையும் காய்ச்சிக் கெட்டியாக்கின மிட்டாய். நம்ம பால்கோவா கோபித்துக்கொண்டால் இப்படித்தான் இருக்கும். அடியில் ஒரே ஒரு நட்டு, எண்ணெய் துடைத்தது.

நான் ரெண்டு பொட்டலத்தையும் பிரித்து ஒரே தட்டில் கொட்டி எல்லாருக்கும் கொடுத்தேன். எது அண்ணனுடையது, எது தம்பியுடையது என்று அதற்கப்புறம் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வேல்ஸ்காரர் மட்டும் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே, ரெண்டும் ஒன்றில்லை, எங்கள் ஊரில் செய்வது இதைவிட வேறு என்று சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.